வீரையாவின் இடது கால்

2018ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம், மாரிப் பயிரான காலபோகத்தின் விதைப்பு முடிந்து முதல் மழை பெய்த வாரத்தில் வீரையாவை முதன்முதலாகச் சந்தித்தேன். வைத்தியசாலையில் புண்ணுக்கு மருந்து கட்டும் அறைக்கு வெளியே ஒரு நீளமான வாங்கு போடப்பட்டிருந்தது. வியாழக்கிழமைகளில் அதில் கால் நோயாளர்கள் மட்டுமே உட்காருவார்கள். முப்பத்தெட்டு ஆண்டுகள் நின்றுகொண்டே உயிரியல் கற்பித்ததன் பயனாக என் இரு கால்களிலும் நாளங்கள் புடைத்திருந்தன. ஆகவே நானும் அந்த வாங்குக்குத் தகுதி பெற்றிருந்தேன்.

அவர் தமது இடது காலை ஒரு சொப்பிங் பைக்குள் விட்டு, முழங்காலுக்குக் கீழே சணல் கயிற்றால் கட்டியிருந்தார். மழையில் கட்டு நனையாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. என் காலிலிருந்த இறுக்கமான காலுறையைச் சிறிது நேரம் பார்த்தார்.

“அந்த மேஸ் நீங்களே போட்டதுங்களா, இவங்க போட்டுவிட்டதா?”

“நான்தான் போட்டனான். விடிய எழும்பின உடனே போடவேணும்.”

“கழட்டுறது?”

“படுக்கிற நேரம்.”

“அப்ப உங்களுக்கு லேசான வியாதி. நம்மளுது உத்தியோகம் மாதிரி, ராப்பகலா கட்டியே இருக்கணும்” என்றார். தமது நோய் என்னுடையதைவிடப் பெரியது என்பதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்ததாகவே தோன்றியது.

வீரையா மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1977 இனக்கலவரத்தில் அங்கே தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குத் தீ வைத்தபோது அவருக்கு இருபத்து நான்கு வயது. ஒரு லொறியின் பின்பக்கத்தில் நின்றபடி வவுனியாவுக்கு வந்து சேர்ந்தார். சில ஆண்டுகள் பிறர் வயல்களில் கூலி வேலை செய்துவிட்டு, ஜெயபுரத்தில் காடு வெட்டிக் காணி திருத்தினார். தங்கம்மாவைத் திருமணம் செய்ததும் நிரோஜா என்ற மகள் பிறந்ததும் அங்கேதான். 2009இல் எல்லோரும் போன வழியில் அவர்களும் போய், முகாமில் இருந்து, 2010இல் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்தது. இவற்றையெல்லாம் அவர் எனக்கு ஒரே வியாழக்கிழமையில், தமது முறை வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். துருசைப் பற்றிச் சொல்லத்தான் பல வாரங்கள் எடுத்துக்கொண்டார்.

குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்கு விடும் கதவுக்குத் துருசு என்று பெயர். குளக்கட்டின் மேலே இருக்கும் இரும்புச் சக்கரத்தைச் சுற்றினால் அது திறக்கும். கண்டவர்களும் சுற்றாதபடி சக்கரத்தில் ஓர் ஆமைப்பூட்டுப் போடப்பட்டிருக்கும். அந்தப் பூட்டின் திறப்பு, அதாவது சாவி, 2012 முதல் வீரையாவிடம் இருந்தது. அதற்கு முன்பு வைத்திருந்தவர்களின் காலத்தில், வாய்க்காலின் தலைப்பகுதியில் இருந்த வயல்களுக்கு முழங்காலளவு தண்ணீர் நிற்கும். கடைசி மடையில் பன்னிரண்டு குடும்பங்களின் பயிர் கருகும். வீரையா திறப்பை வாங்கியபின் கடைசி மடைக்கும் தண்ணீர் போயிற்று. அவருடைய வயலும் கடைசி மடையில்தான் இருந்தது என்பதை அவர் மறைக்கவில்லை.

தண்ணீர் விடும் நாட்களில் அவர் விடியற்காலையிலிருந்து மதியம்வரை குளக்கட்டில் நிற்பார். அவர் அகன்றால் யாராவது இடையில் மடையை வெட்டிவிடுவார்கள். ஐந்தாறு ஆண்டுகள் இப்படி நின்றதில் கால் நாளங்கள் தளர்ந்தன. பிறகு ஒருநாள் முட்கம்பி ஒன்று உட்கணுக்காலுக்கு மேலே கீறியது. அந்தக் கீறல் பதினொரு மாதங்களாக ஆறாமல், உள்ளங்கையின் பாதியளவுக்கு வளர்ந்திருந்தது.

ஊர் உழவர்களின் கமக்காரர் அமைப்பு புரட்டாதியில் கூடி இதை ஆராய்ந்தது. சேற்றில் நிற்கக் கூடாது என்று வைத்தியர் சொன்ன ஒருவரிடம் துருசை விடலாமா என்று செயலாளர் பிரதாபன் கேட்டார். அடுத்த பங்குனியில், கோடைப் பயிரான சிறுபோகத்துக்காக நடக்கும் கூட்டத்துக்கு முன் புண் ஆறினால் திறப்பு வீரையாவிடமே இருக்கும். ஆறாவிட்டால் பிரதாபனிடம் ஒப்படைக்கப்படும் என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். பிரதாபனின் வயல் தலைப்பகுதியில் இருந்தது. அதைக் குறிப்பில் எழுதவில்லை.

புண்ணுக்கு மருந்து கட்டியவர் யதுர்ஷிகா என்ற தாதி. விசுவமடுவைச் சேர்ந்தவர், இருபத்தேழு வயது. அவர் ஒழுங்கு தவறாதவர். பழைய கட்டை ஓர் உதவியாளர் அவிழ்த்தபின்தான் அவர் காலைப் பார்ப்பார். முதலில் பாதத்தின் மேற்புறத்தில் விரலை வைத்து நாடித்துடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். அது இல்லாத காலை இறுக்கினால் பிறகு இறுக்குவதற்குக் கால் மிஞ்சாது. துடிப்பு இருந்தால், புண்ணைக் கழுவி, இழுபடும் பண்டேஜை விரல்களின் அடியில் தொடங்கி, கணுக்காலில் நன்றாக இறுக்கி, மேலே போகப்போகத் தளர்த்தி, முழங்காலுக்குக் கீழே முடிப்பார். செவ்வாயும் சனியும் குளித்தபின் அதேபோல வீட்டில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. ஒவ்வொரு வியாழனும் வீரையாவின் பாதம் முந்திய வியாழனைவிட வீங்கியிருந்தது. பெருவிரலால் அழுத்தினால் குழி விழும். நான் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். நாற்பதுவரை எண்ணியும் குழி நிரம்பவில்லை. புண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது.

“ஐயா, உண்மையைச் சொல்லுங்கோ. வீட்டை போய் இதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு இருக்கிறீங்களோ?” என்று யதுர்ஷிகா கேட்டார்.

“எங்க மாரியம்மா சத்தியமா இல்லீங்க மிஸ்ஸி. இறுக்கித்தான் கட்டுறேன். வேணும்னா தங்கம்மாவக் கேட்டுப் பாருங்க.”

“அவா உங்கட மனுசி. நீங்கள் சொல்லிக் குடுத்ததைத்தான் சொல்லுவா.”

“முப்பத்தஞ்சு வருசமா நான் சொன்ன எதையும் அவ சொன்னதில்லீங்க.”

பங்குனிக்கு மூன்று மாதங்கள் இருந்தன. புண் இப்படியே போனால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, தொடைத் தோலை எடுத்து வைத்து மூட வேண்டிவரும் என்று வைத்தியர் சொன்னார். அதற்கு எத்தனை நாட்கள் வைத்தியசாலை விடுதியில் இருக்க வேண்டும் என்று வீரையா கேட்டார். ஒரு மாதம் ஆகலாம் என்றார் வைத்தியர்.

மார்கழி மாதக் கடைசி வியாழன், அவர் நேரத்தோடு வந்துவிட்டார். பஸ்ஸில் யாரோ மிதித்ததால் கட்டுக் குலைந்திருந்தது. முறை வருவதற்குள் சரிசெய்துவிடுவோம் என்று அவர் பண்டேஜை முழுவதும் அவிழ்த்து, சுருட்டி, என் கண்முன்னாலேயே கட்டத் தொடங்கினார். முழங்காலுக்குக் கீழே முதல் சுற்றைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். அங்கேயே மேலும் மூன்று சுற்றுகள். பிறகு மீதித் துணியைக் கீழ்நோக்கி, ஒப்புக்குச் சுற்றுவதுபோலத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு போய்ப் பாதத்தில் செருகினார்.

“வீட்டிலும் இப்படித்தான் கட்டுறீங்களோ?” என்று கேட்டேன்.

“ஆமாங்க. நல்லா இறுக்கமா.”

“மேலிருந்தோ?”

“பின்ன? தண்ணி கீழ எறங்கித்தானங்க காலு வீங்குது. மேல மூடுனாத்தான கீழ வராது. வாய்க்கா நிறைஞ்சா துருசத்தான மூடுவோம்? வாய்க்கா கடைசியில போயி நின்னுக்கிட்டு மூட முடியுங்களா?”

அவர் அவ்வளவு தெளிவாகச் சொன்னதால், ஒரு கணம் எனக்கே அது சரியென்று பட்டது. பிறகு எழுந்துபோய் யதுர்ஷிகாவை அழைத்துவந்தேன்.

அவர் வந்து, கட்டைப் பார்த்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“மூண்டு மாசமாய் உப்பிடியோ கட்டினனீங்கள்?”

“மொத நாள்லருந்து.”

“நான் கட்டினதைப் பார்த்தனீங்கள்தானே?”

“பாத்தேன் மிஸ்ஸி. நீங்க சின்னப் புள்ள, வயக்காட்டுப் பக்கம் போயிருக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். முகத்துக்கு நேரே சொல்லக் கூடாதில்லீங்களா? வீட்டுல போயித் திருத்திக்கிட்டேன்.”

இதயம் இரத்தத்தைக் கீழே அனுப்புகிறது. கணுக்காலிலிருந்து அதை நெஞ்சுவரை மறுபடி ஏற்றுவதற்கென்று தனியாக ஓர் உறுப்பு நமக்கு அமையவில்லை. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, தனக்குள் ஓடும் நாளங்களைப் பிழிகிறது; பிழியப்பட்ட இரத்தம் மேலே போகிறது; அது திரும்பி விழாதபடி நாளத்தினுள் இருக்கும் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. நாளம் தளர்ந்தால் வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று எட்டுவதில்லை. அப்போது வெளியிலிருந்து துணியால் நெருக்கி, அவற்றைச் சேர்த்துவைக்கிறோம். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. உடம்பின் முக்கியமான காரியங்களில் பல, எதையோ பிழிவதால்தான் நடக்கின்றன. சோறு இரைப்பைக்குப் போவது அப்படித்தான். நாம் பிறந்ததும் அப்படித்தான். ஆனால் இதை முப்பத்தெட்டு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய எனக்கு, வாங்கில் இருந்த ஒருவருக்குச் சொல்ல வரவில்லை. நான் பசுவை உதாரணம் காட்டினேன்.

“வீரையா, பால் கறக்கேக்க என்ன செய்யிறீங்கள்? மடியில இருக்கிற பாலைப் பிழிஞ்சுதானே வெளியில எடுக்கிறீங்கள்? அதுமாதிரித்தான் இதுவும்.”

அவர் என்னைப் பார்த்தார், யதுர்ஷிகாவைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் காட்டினார்.

“காம்பு மேல மொதல்ல இந்த ரெண்டு வெரலாலயும் இறுக்கணும். அப்புறம் மத்த வெரல ஒவ்வொண்ணா மூடிக்கிட்டே கீழ வரணும். மேல இறுக்காம கறந்தா பாலு திரும்ப மடிக்கே ஏறிடும். பாத்தீங்களா டீச்சரம்மா? மேலதான் மொதல்ல.”

யதுர்ஷிகாதான் அந்த உதாரணத்தை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

“ஐயா, பால் எங்க வரோணும்?”

“கீழ, வாளிக்கு.”

“ரத்தம் எங்க போகோணும்?”

“மேல போகணும்னு நீங்க சொல்றீங்க.”

“அப்ப எந்த விரலை முதல்ல மூடோணும்?”

வீரையா தமது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்றில் ஒரு காம்பைப் பிடித்து, சுண்டுவிரலை முதலில் மூடி, பிறகு மோதிரவிரல், நடுவிரல் என்று மேல்நோக்கி வந்தார். இரண்டு தடவை செய்து பார்த்தார். வாங்கில் இருந்த மற்ற நால்வரும் அவரவர் கையில் அதைச் செய்து பார்த்தார்கள்.

“கீழ இறுக்கினா மேல ஏறுது” என்றார் கடைசியில். “இது நமக்குத் தெரிஞ்சதுதாங்க. தோட்டத்துல அப்புடித்தான். கீழ நம்மளப் போட்டு நெருக்குவாங்க. எல்லாம் மேல தொரை பங்களாவுக்குப் போயிரும். ஒரு சொட்டுத் திரும்பி வராது.”

“அதுதான் ஐயா வால்வு” என்றார் யதுர்ஷிகா.

அன்று முதல் வீரையா விரல் அடியிலிருந்து கட்டினார். ஆனால் கட்டினால் மட்டும் போதாது. கெண்டைக்கால் பிழிய வேண்டுமானால் நடக்க வேண்டும். ஓரிடத்தில் நிற்கக் கூடாது. ஆகவே வீரையா குளக்கட்டில் நிற்பதை விட்டுவிட்டு, காலையும் மாலையும் வாய்க்காலின் தலையிலிருந்து கடைசி மடைவரை நடந்தார். போக இரண்டு கிலோமீற்றர், வர இரண்டு. காலுக்காகத்தான் நடந்தார். வழியில் இருந்தவை கண்ணில் பட்டதற்கு அவர் பொறுப்பல்லர். நண்டு வளைகளைக் கண்டார். இரவோடிரவாக வெட்டி மண் போட்டு மூடிய ஐந்து மடைகளைக் கண்டார். தலைப்பகுதியில், வாய்க்கால் கட்டுக்குக் குறுக்கே, மேலே புல் பதித்து மறைத்திருந்த ஒரு கறுப்புக் குழாயைக் கண்டார். அது பிரதாபனின் வயலுக்குள் போயிற்று. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. குழாயின் அருகே ஒரு தடியை மட்டும் நட்டுவிட்டு வந்தார். நான்கு நாட்களில் அந்தத் தடியை ஊரே பார்த்துவிட்டது.

வியாழக்கிழமைகளில் யதுர்ஷிகா, கண்ணாடிபோன்ற ஒரு பொலித்தீன் தாளைப் புண்ணின்மேல் வைத்து, அதன் விளிம்பைப் பேனாவால் வரைந்து திகதி இடுவார். மாசி மாதத் தாளில் இருந்தது தை மாதத் தாளில் இருந்ததற்குள் அடங்கிற்று. பங்குனி முதல் வியாழன் வரைந்த வட்டம் உளுந்தம்பருப்பு அளவில் இருந்தது. கூட்டம் மறுநாள், வெள்ளிக்கிழமை.

வைத்தியர் ஒரு கடிதம் கொடுத்தார். அது ஆங்கிலத்தில் இருந்ததால், கூட்டத்தில் தமிழில் வாசித்துச் சொல்ல என்னை வரும்படி வீரையா கேட்டார். பொதுநோக்கு மண்டபத்தில் அறுபது பேர் இருந்தார்கள். புண் ஏறத்தாழ ஆறிவிட்டது என்றும், நோயாளி நடமாடி வேலை செய்யலாம் என்றும் வாசித்தேன்.

பிரதாபன் எழுந்தார். “வீரையா அண்ணையில எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆறினால் எண்டுதான் எழுதியிருக்கு. முழுக்க ஆறிட்டுதோ? அண்ணை, அவிட்டுக் காட்டுங்கோவன்.”

வீரையா கட்டின்மேல் வேட்டியை விட்டுக்கொண்டு ஆறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவர் கதிரையில் காலைத் தூக்கி வைத்து, பண்டேஜை அவிழ்த்து, அழகாகச் சுருட்டி மடியில் வைத்தார். அறுபது பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

“இன்னும் ஒரு உளுந்தளவு இருக்குதுங்க” என்றார்.

“அப்ப ஆறேல்லை” என்றார் பிரதாபன்.

“ஆறலைங்க.”

தங்கம்மா கணவரைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க விரும்பவில்லை. அப்போது கடைசி மடையில் வயல் செய்யும் தனுஷா என்ற பெண், பின்வரிசையிலிருந்து எழும்பாமலே கேட்டார்.

“தலைவர், அளக்கிறதெண்டால் எல்லாத்தையும் அளப்பம். இவருக்குக் காலில உளுந்தளவு ஓட்டை. வாய்க்கால் கட்டில, அந்தத் தடி நட்ட இடத்தில இருக்கிற ஓட்டை எத்தினை அங்குலம்? பிரதாபன் அண்ணை, அதையும் கொஞ்சம் அவிட்டுக் காட்டுங்கோவன்.”

சிலர் இருமினார்கள். தலைவர் மேசையிலிருந்த தண்ணீரைக் குடித்தார். அடுத்த பறுவம், அதாவது பௌர்ணமி, வரை இந்த விடயத்தை ஒத்திவைக்கலாம் என்று ஒரு பிரேரணை வந்தது. அதை முன்மொழிந்தவர் பிரதாபன். பறுவத்துக்கு ஐந்து நாட்கள் இருக்கையில் புண் மூடிக்கொண்டது. கறுப்புக் குழாயும் அந்த வாரத்திலேயே காணாமற்போயிற்று.

அதன்பின் நாலரை ஆண்டுகள் திறப்பு வீரையாவின் இடுப்பிலேயே இருந்தது. புண் திரும்பாமலிருக்க அவரும் என்னைப்போலக் காலுறை அணிந்தார். ‘இப்ப நமக்கும் லேசான வியாதிதாங்க’ என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு குறை தெரிந்தது.

2023ஆம் ஆண்டு ஆவணியில், சிறுபோக நெல் கதிர் பொதிந்த குடலைப் பருவத்தில் நின்றபோது, அவருடைய இரண்டு கால்களும் வீங்கின. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. அவர் பழைய பண்டேஜைத் தேடி எடுத்து, இரண்டு கால்களிலும், விரல் அடியிலிருந்து, ஒரு பிழையும் இல்லாமல் கட்டிக்கொண்டார். மூச்சு இன்னும் மோசமாயிற்று. மகள் நிரோஜா அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தாள்.

இதயம் பிழியும் வலுவை இழந்துவிட்டது என்று வைத்தியர் சொன்னார். கீழிருந்து நாம் அனுப்புவதை வாங்கி அனுப்ப அதனால் முடியவில்லை. அவ்வாறான நிலையில் காலை இறுக்கினால், நீர் நெஞ்சுக்குத்தான் ஏறும். யதுர்ஷிகா அப்போது அவரைச் சேர்த்த விடுதியில் பணிபுரிந்தார். செய்தி கேட்டு நான் போயிருந்தபோது, அவரே வந்து இரண்டு கட்டுகளையும் அவிழ்த்தார்.

“கட்டினது பிழையா மிஸ்ஸி?”

“இல்லை ஐயா, திறமாய்க் கட்டியிருக்கிறீங்கள். இந்த முறை கட்டக் கூடாது. பிரச்சினை மேல.”

“மேலயா?”

“ஓம்.”

“அஞ்சு வருசத்துக்கு முந்தியே நான் சொன்னேன்” என்றார் வீரையா, என் பக்கம் திரும்பி.

நான்காம் நாள் காலையில், தேநீர் கொண்டுவரும் வேளையில் அவர் இறந்தார்.

அதற்கு முந்திய நாள் பிற்பகலில் பிரதாபன் விடுதிக்கு வந்திருந்தார். அடுத்த தண்ணீர் முறை திங்களன்று தொடங்க வேண்டும். திறப்போ தங்கம்மாவிடம் இருந்தது. எழுத்தில் ஒன்றும் இல்லாமல் கொடுக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். பிரதாபன் ஒரு பை தோடம்பழத்தைக் கட்டிலருகே வைத்து, “அண்ணை, நீங்கள் ஆறுதலாய்ச் சுகப்பட்டு வாங்கோ. அதுவரைக்கும் நான் பார்க்கிறன்” என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

வீரையா என்னிடம் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். திறப்பை ஒப்படைக்கும் கடிதம் என்று நினைத்துத் தாளை எடுத்தேன். அவர் கேட்டது லீவுக் கடிதம். சம்பளமும் நியமனமும் இல்லாத அந்த வேலைக்கு லீவு என்று ஒன்று கிடையாது. ஆயினும் விலாசத்தையும் திகதியையும் இட்டு, சுகவீனம் காரணமாகப் பத்து நாட்கள் விடுமுறை தந்துதவுமாறு கமக்காரர் அமைப்பைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டினேன். பிரதாபனும் கட்டிலின் மறுபக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வீரையாவுக்கு மூச்சைச் சேர்த்துக்கொள்ளச் சிறிது நேரம் எடுத்தது.

“பத்து வேணாங்க டீச்சரம்மா. ஏழுன்னு மாத்திப் போடுங்க. பத்துன்னு கேட்டா வேற ஆளப் போட்டுருவாங்க.”